தனிப்பனைக் கள்ளு

மட்டுவில் கத்தரிக்காய் என்று நாங்கள் சொல்கிறோம். சாவகச்சேரிச் சந்தையில் வியாபாரி ‘இது மட்டுவில்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும், வாங்குகிறவர் விலை பேசுவதைக் குறைத்துக்கொள்வார். பங்குனித் திங்களில் பன்றித்தலைச்சி அம்மன் கோவிலடியில் பொங்கற் பானைகளுக்குப் பக்கத்தில் அந்தக் கத்தரிக்காய்க் கறி கொதிக்கும் வாசம் யாழ்ப்பாணத்தின் தென்மராட்சிச் சனத்தில் பாதிப் பேருக்கு நினைவில் நிற்கும். கொடிகாமத்துத் தேங்காய், சாவகச்சேரிப் பலாப்பழம், பருத்தித்துறை வடை, இணுவில் புகையிலை என்று ஊரைப் பொருளுக்கு முன்னால் வைத்து, அந்த ஊரையே தரத்துக்குச் சாட்சியாக்கும் பழக்கத்தை எங்களுக்கு யாரும் வெளியிலிருந்து வந்து சொல்லித்தரவில்லை. ஆனால் இதே தென்மராட்சியில், அந்தக் கத்தரித் தோட்டத்து வேலியோரம் நிற்கும் பனையிலிருந்து இறங்குகிற கள்ளுக்கு ஊர்ப்பெயர் கிடையாது. மந்துவில் கள்ளு, அல்லாரைக் கள்ளு என்று விருந்தாளிக்கு முன்னால் யாரும் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. குடிக்கிறவர்களுக்குத் தெரியும், எந்த வளவு, எந்தப் பனை, யாருடைய கை என்பதுவரை தெரியும். அந்த அறிவு அவர்களுக்குள்ளேயே தணிந்த குரலில் நடமாடி அவர்களோடே முடிந்துபோகிறது. நாக்கு நல்லதென்று ஒப்புக்கொண்டதை வாய் ஏன் சொல்லாமல் விடுகிறது என்ற கேள்வி கொஞ்சக் காலமாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. பதில் தெரியாத கேள்வி என்று சொல்லமாட்டேன். பதில் தெரிந்தும் அதன் பக்கத்தில் நின்று பார்க்கக் கூச்சப்படுகிற கேள்வி.

கள்ளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா இரண்டு பக்கமாக இழுபடும். ஒரு பக்கம், எங்கள் மண், எங்கள் பனை, கற்பகதரு என்று நெஞ்சு விம்மும். மற்றப் பக்கம், குடி குடியைக் கெடுக்கும் என்று விரல் நீளும். இரண்டுமே கள்ளைப் பார்ப்பதில்லை. பார்ப்பதென்றால் விடியப்புறம் போய் ஒரு பனையடியில் நிற்க வேண்டும். மேலே, வட்டுக்குள், ஒருவர் தளநாரில் காலை ஊன்றி, ஒரு கையால் பாளையைப் பிடித்து மற்றக் கையால் சீவுகிறார். ஆண்பனையென்றால் அலகுகளைச் சேர்த்துக் கட்டி, நாளும் கடிப்பால் நசித்து, நுனியைச் சீவிச் சீவிப் பல நாள் பொறுத்திருந்த பிறகுதான் முதல் துளி விழும். சீவல் தாளின் கனத்துக்கு மேல் போனால் பாளை வீணாகும். போதாமல் போனால் நீர் வராது. இந்த அளவு எந்தப் புத்தகத்திலும் இல்லை, அவருடைய மணிக்கட்டில் இருக்கிறது. ஒரு நாள் ஏறாமல் விட்டால் பாளையின் வாய் காய்ந்து அடைபட்டுவிடும். ஆகவே பாளை வருகிற காலம் முழுவதும், காய்ச்சலென்றாலும் கலியாணமென்றாலும், காலையும் பின்னேரமும் மரம் ஏற வேண்டும். இறங்கி வந்தவர் முட்டியிலிருந்த கள்ளைப் பன்னாடையால் வடித்தார். ஓலையை மடித்துக் கோலிய பிளாவில் ஊற்றி நீட்டினார். முதல் வாயில் இனிப்பு. அந்த இனிப்பு கரைய முன்னரே நாக்கின் இரண்டு ஓரத்திலும் மெல்லிய புளிப்பு எழும்புகிறது. நுங்கின் பச்சை வாசமும் பிளாவின் ஓலை வாசமும் ஒன்றாக வந்து, எது எதனுடையது என்று பிரிக்க முடியாமல் மூக்கில் நிற்கின்றன. தொண்டையில் சின்னதாக ஒரு சுள்ளென்ற குத்தல். விழுங்கிய பிறகும் வாய் சுத்தமாக இருக்கிறது, ஒட்டுவதில்லை.

‘இதிலை எது அண்ணை நல்ல மரம்?’ என்று கேட்டேன். அவர் வளவைச் சுற்றிப் பார்க்கவில்லை. கையிலிருந்த முட்டியைத்தான் பார்த்தார். ‘மரத்திலை கூடாதது எண்டு ஒண்டுமில்லைத் தம்பி. பனை தாறது பாதி, முட்டி தாறது பாதி. முட்டி ஊத்தையெண்டால் பனை என்ன செய்யும்?’ கழுவிய முட்டிகள் வேலியோரத்தில் வெயிலைப் பார்த்துக் கவிழ்ந்து கிடந்தன. அவற்றில் ஒன்றை எடுத்து உள்ளே மூக்கை வைத்து மணந்து, திருப்தியில்லாமல் மறுபடியும் கிணற்றடிக்குக் கொண்டுபோனார். கள்ளு விற்கும் எந்தத் தவறணைக்காரரும் அவருடைய முட்டியை மணந்து பார்க்கப் போவதில்லை. கூடுதலாகக் கழுவினதற்காக ஒரு சதமும் கூடக் கிடைக்கப் போவதுமில்லை. அவர் மணந்தார், திரும்பக் கழுவினார்.

எங்கள் ஊர்களில் தனிப்பனைக் கள்ளு என்று ஒன்று உண்டு. பல மரத்துக் கள்ளைக் கலக்காமல், ஒரே பனையில் இறக்கியதை அப்படியே கொடுப்பது. உடம்புச் சூட்டுக்கு நல்லது, மெலிந்தவர்கள் தேறுவார்கள் என்று முதியவர்கள் சொல்லுவார்கள். அதன் வைத்திய குணம் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. என்னைப் பிடித்து நிறுத்துவது அந்த வழக்கத்துக்குள் இருக்கிற நுட்பம்: ஒரு மரத்துக்கு ஒரு குணம் உண்டு, அதைக் கலந்தால் கெட்டுப்போகும் என்ற தீர்மானம். ஆண்பனைக் கள்ளுக்கும் பெண்பனைக் கள்ளுக்கும் வித்தியாசம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கைதடி, நாவற்குழிப் பக்கம் கடலேரியை அண்டி நிற்கும் பனைக்கும், எழுதுமட்டுவாளின் மணலில் நிற்கும் பனைக்கும் ருசி வேறென்று அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். காலைக் கள்ளுக்கும் பின்னேரக் கள்ளுக்கும் இடையிலான பேதத்தை அறியாதவரே இல்லை. ஒரு பனை ஒரு நாளில் தருவது சில போத்தல். அதுவும் மாசி, பங்குனியில் தொடங்கி ஆவணிக்குள் அடங்கிவிடுகிற சில மாதங்களுக்கு. இவ்வளவு சிறிய அளவில், இவ்வளவு குறுகிய காலத்தில், ஒரே மரத்தின் பெயரில் உண்டாகிற ஒரு வெள்ளைக் குடிபானம் உலகில் வேறெங்காவது இருந்தால் அதற்கு ஒரு அருங்காட்சியகமே கட்டியிருப்பார்கள் என்று சில நேரம் தோன்றும். பிறகு, ஏன் உலகத்தைக் கூப்பிடுகிறேன், எங்கள் வாயே திறக்கவில்லையே என்றும் தோன்றும்.

பாளையிலிருந்து விழும்போது அந்த நீர் தெளிவானது. வெள்ளை பிறகு வருவது. நூற்றுக்குப் பத்துக்கு மேல் சீனி கொண்ட அந்த நீரில், முட்டியிலும் காற்றிலும் பாளையிலும் இருக்கிற மதுவங்கள் விழுந்து பெருகுகின்றன. கூடவே புளிப்பைத் தரும் லக்றிக் பற்றீரியாக்கள். கோடிக்கணக்கில் பெருகிய இந்த உயிர்கள்தான் கள்ளின் பால் வெண்மை. நிறம் என்று நாம் காண்பது ஒரு கூட்டம். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் அந்தப் பெருக்கம் தடைபட்டுக் கருப்பநீராகவே நிற்கும். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. பூசாமல் விட்டால் சில மணித்தியாலத்தில் கள்ளு. ஒரு நாளுக்குள் மதுசாரம் நூற்றுக்கு ஐந்தளவுக்கு ஏறிவிடும். அதற்கு மேல் வைத்தால் அசற்றிக் அமிலம் தலையெடுத்துக் காடியாகிவிடும். ஆகவே உடன்கள்ளு என்பது இரண்டு முனைகளுக்கு நடுவிலுள்ள ஒரு சிறிய பொழுது. இனிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை, புளிப்பு இன்னும் ஆளத் தொடங்கவில்லை. வைன் வருடக்கணக்கில் பேசப்படுகிறது. கள்ளின் கணக்கு மணித்தியாலத்தில். அதை வாங்கி வைக்க முடியாது, அனுப்பி வைக்க முடியாது. அது இருக்கிற இடத்துக்கு, அது இருக்கிற நேரத்தில் நாம் போக வேண்டும்.

பாரிஸிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கொண்டுவந்த போத்தலில்தான் மஸ்கடே என்ற வெள்ளை வைன் எனக்கு அறிமுகம். லுவார் ஆறு அத்லாந்திக் கடலில் சேருமிடத்தில், நாந்த் நகரத்தைச் சுற்றி விளைவது. 1709இன் கொடிய குளிரில் அந்தப் பகுதியின் கொடிகள் அழிந்துபோக, குளிர் தாங்கும் மெலோன் என்ற பெயர்பெறாத ஒரு திராட்சையை நட்டார்கள். விலை குறைந்த, மட்டியோடும் மீனோடும் குடிக்கிற, கொண்டாட்டங்களில் வைக்கக் கூசுகிற வைன் என்றே அதற்கு நீண்ட காலம் பெயர். ஆனால் சில ஏக்கர் மட்டும் வைத்திருந்து கையால் பறிக்கிற சில கமக்காரர் அதில் செய்கிற வேலை வேறு. புளித்து முடிந்த வைனை, செத்த மதுவங்களின் மண்டி மேலேயே குளிர்காலம் முழுவதும் விட்டுவைக்கிறார்கள். மண்டியிலிருந்து அந்த மெலிந்த வைனுக்கு ஒரு தசைப்பிடிப்பும், பாண் வாசமும், நாக்கில் சிறு துடிப்பும் வருகின்றன. நான் குடித்த போத்தலில் இவை மூன்றும் இருந்தன, கடைசியில் ஓர் உப்புத்தன்மையும் இருந்தது. புளிப்பின் கூர்மையும் மண்டியின் மென்மையும் ஒன்றையொன்று தாங்குகிற அந்த இடத்தில் எனக்கு உடனே பிளா ஞாபகம் வந்தது. இரண்டும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. இரண்டையும் செய்கிறவர்கள் ஒரே பிரச்சினையோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன்: உலகம் மலிவென்று ஒதுக்கிய ஒரு மூலப்பொருளில் தங்கள் கவனத்தைக் கரைத்துக் கொடுப்பது. பேர்கண்டியில் அலிகோத்தே என்ற இன்னொரு ஏழைத் திராட்சை இருக்கிறது. உலகத்தின் மிக விலையுயர்ந்த வைன்களில் ஒன்றான ரோமானே-கோந்தியை நடத்தியவர்களில் ஒருவரான ஓபேர் து வில்லேன், தன் சொந்தத் தோட்டத்தைப் பூஸ்ரோன் என்ற சின்னக் கிராமத்தில் வைத்து அந்த அலிகோத்தேயைப் பயிரிட்டார். 1998இல் அந்தக் கிராமம் அலிகோத்தேக்கென்றே தன் பெயரைச் சட்டப்படி பெற்றது.

இந்தப் பெயர் விவகாரத்தை நாங்கள் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். ஊர்ப்பெயரைச் சட்டத்தால் காக்கிற பிரெஞ்சு முறை ருசியறிந்த கனவான்கள் கூடியிருந்து கண்டுபிடித்த ஒன்றென்றுதான் நானும் எண்ணியிருந்தேன். வரலாறு வேறு கதை சொல்கிறது. வெளியிலிருந்து மலிவுத் திராட்சையைக் கொண்டுவந்து ஷாம்பெயின் என்ற பெயரில் வியாபாரிகள் விற்க, விலை விழுந்து வயிறு காய்ந்த கமக்காரர் 1911இல் தெருவில் இறங்கினார்கள், கிட்டங்கிகளை உடைத்தார்கள், படை வந்தது. அதற்கு முன் 1907இல் தெற்கே இலட்சக்கணக்கான வைன் கமக்காரர் கிளர்ந்தார்கள். இந்தக் கோபங்களெல்லாம் கடந்துதான் 1935இன் சட்டம் வந்தது. அடிப்படையில் அது விலையைக் காக்க எழுந்த வேலி. மண்ணின் பெருமை பற்றிய பேச்செல்லாம் அந்த வேலியில் பிறகு படர்ந்தது. இலங்கையும் இந்த வழியை அறியாததல்ல. சிலோன் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. கோவாவில் முந்திரிப்பழத்திலிருந்து வடிக்கும் பெனிக்கு 2009இல் இந்தியா அதே குறியீட்டைக் கொடுத்தது. யாழ்ப்பாணத்திலேயே பார்த்தால், தோலகட்டியில் 1928இல் தோமஸ் அடிகளார் தொடக்கிய செபமாலைத் தாசர் ஆச்சிரமத்தின் திராட்சை ரசமும் நெல்லி ரசமும் தோலகட்டி என்ற ஊர்ப்பெயராலேயே வீடுகளுக்குள் வந்தன. சைவ வீட்டு அலுமாரியிலும் அந்தப் போத்தல் மரியாதையாக நின்றது. செய்தவர்கள் துறவிகள். செய்தவர்களை மதித்தபோது ஊர்ப்பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

கள்ளைச் செய்தவர்களை நாங்கள் என்ன செய்தோம் என்பதுதான் நான் நிற்கக் கூசுகிற இடம். எங்கள் பக்கத்து அப்பத்துக்கு மாப்புளிக்கக் கள்ளு வேண்டும். மிக ஆசாரமான சைவக் குசினிக்குள்ளும் அந்த அரைப்போத்தல் கள்ளு போகும். மாவில் விட்டு, இரவு மூடிவைத்து, விடிய அப்பத்தின் ஓரம் மொறுமொறுவென்றும் நடு பஞ்சுபோலவும் வருவதைப் பார்த்து வீடே மகிழும். கள்ளு கொண்டுவந்தவர் படலைக்கு வெளியே நின்றார். அவருடைய கையால் சீவி, அவருடைய முட்டியில் ஊறி, அவருடைய பன்னாடையால் வடிந்த ஒன்று குசினியின் நடுவுக்குப் போகலாம். அவர் திண்ணைக்கு வரமுடியாது. குடிக்கப் போனவர்கள் அவர் வளவுக்கே போய், அவர் கோலிய பிளாவில் வாங்கிக் குடித்தார்கள்; அதே வளவில் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள். தேநீர்க்கடைகளில் அவருக்குப் போத்தலிலும் தகரப் பேணியிலும் சிரட்டையிலும் தேநீர் கொடுக்கப்பட்டது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் வந்த பிறகும் கொடுக்கப்பட்டது. 1966 ஒக்ரோபர் 21இல் தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி நடந்த ஊர்வலமும், அதைத் தொடர்ந்த தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்களும் இல்லாமல் அது மாறியிருக்காது. கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவல் 1972இல் வந்தது. அதைப் படித்துவிட்டுக் கள்ளின் ருசியைப் பற்றி மட்டும் பேசுவது ஒருவருக்கு முடியுமென்றால் அவர் படிக்கவில்லை என்றுதான் நான் நினைப்பேன். ஒரு பொருளுக்கு ஊர்ப்பெயர் சொன்னால் அடுத்த கேள்வி ‘யார் செய்தது’ என்று வரும். கத்தரிக்காயில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில் எங்களுக்குச் சிரமமில்லை. கள்ளில் இருந்தது. ஊர்ப்பெயர் வராமல் போனதற்கு இதைவிட வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

1972இல் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. இன்று பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கம் என்று அவற்றை அறிகிறோம். அதற்கு முன் தவறணையைக் குத்தகைக்கு எடுத்தவர் வைத்ததே விலை. மரம் ஏறினவருக்கு மிஞ்சியது குறைவு. சங்கம் வந்தபின் தொழிலாளி தன் சங்கத்துக்கே கள்ளைக் கொடுத்தார், சங்கமே தவறணையை நடத்தியது, சேமிப்பு என்ற ஒன்று அந்த வீடுகளுக்குள் வந்தது. பிள்ளைகள் படித்தார்கள். இதை ஒரு பெரிய சாதனையாகவே நான் எண்ணுகிறேன். யாழ்ப்பாணத்துச் சமூக வரலாற்றில் இதற்குரிய இடம் இன்னும் கொடுக்கப்படவில்லை. ஆனால் இங்கேதான் எனக்கு ஒரு முடிச்சு அவிழாமல் கிடக்கிறது. தவறணைக்கு வந்துசேரும் கள்ளு ஒன்றாகக் கலக்கிறது. முட்டியை மணந்து பார்த்துத் திரும்பக் கழுவினவரின் கள்ளும், கழுவாதவரின் கள்ளும் ஒரே பாத்திரத்தில், ஒரே விலையில். விற்று மிஞ்சியது வரணி, திக்கம் வடிசாலைகளுக்குப் போனால் சாராயமாகி, யாருடைய கை என்ற கடைசி அடையாளமும் ஆவியில் போய்விடும். அந்தக் கலப்பில் ஒரு நீதி இருந்தது. குத்தகைக்காரர் ஒருவரை ஒருவரோடு மோதவிட்டு விலையைக் குறைத்த காலத்தில், எல்லாருடைய கள்ளும் ஒரே விலை என்று சொன்னது ஓர் அரண். அந்த அரணை உடைத்து, நல்ல கள்ளுக்குத் தனிவிலை என்று தொடங்கினால், மறுபடியும் ஒருவர் மேலே, ஒருவர் கீழே என்றாகிவிடாதா? தனிப்பனையின் ருசிக்காகக் கூட்டுறவின் நீதியைப் பணயம் வைக்கலாமா? நல்லதைச் செய்தவருக்கு அதற்கான பலன் இல்லாமலே ஒரு தலைமுறை போனால் நல்லதே செய்யத் தெரியாத தலைமுறை வராதா என்ற எதிர்க்கேள்வியும் அதே வேகத்தில் எழுகிறது. முட்டியோடு கிணற்றடிக்குப் போன அந்த மனிதரின் முதுகு எனக்கு இரண்டாவது கேள்வியின் பக்கமே நிற்கச் சொல்கிறது. ஆனாலும் முதலாவதை நான் விட்டுவிடவில்லை.

போர் இந்த நிலத்தில் என்ன செய்தது என்று சாவகச்சேரியில் இருப்பவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் தென்மராட்சிக்குள் வந்து இறங்கியது. 2000ஆம் ஆண்டில் சாவகச்சேரிப் பட்டினமே இடிந்தது. வட்டு முறிந்து வெறும் தூணாக நின்ற பனைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இன்று தாய் தகப்பன். பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் வெட்டிய மரங்களுக்குக் கணக்கில்லை. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வரை பனையடிக்கே போக முடியாமல் இருந்தது. ஒரு வடலி பாளை தருவதற்குப் பதினைந்து, இருபது வருடம் எடுக்கும். மரம் திரும்ப வந்தாலும் ஏறுகிறவர் திரும்ப வருவாரா என்பது வேறு கதை. பிள்ளைகள் ஏறவில்லை. ஏன் ஏற வேண்டும்? விழுந்தால் உயிர் போகும், அல்லது முதுகுத்தண்டு போகும். விழாவிட்டால் சாதி பேசும். ஒரு தகப்பன் தன் மகனைப் பனைக்குக் கீழே நிறுத்தி, நீ இதில் ஏறாதே என்று சொன்னால், அது நான் மதிக்கிற சொல். கள்ளு எங்கள் மரபு, அதைக் காக்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் மீது எனக்குள்ள பெரிய சந்தேகம் இதுதான்: மரபைக் காப்பது என்றால் ஒரு குறிப்பிட்ட சனத்தை அதே மரத்தில் தொடர்ந்து ஏற்றி வைப்பதா? அப்படியானால் அந்தக் கள்ளு எவ்வளவு நல்லதானாலும் எனக்கு வேண்டாம். யார் ஏறினாலும், எந்தச் சாதிப் பிள்ளை ஏறினாலும், அது ஒரு கைத்தேர்ச்சியுள்ள தொழில், நல்ல வருமானமுள்ள தொழில் என்றாகும் நாளில்தான் அந்தப் பேச்சுக்கு அர்த்தம். கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பாதுகாப்பாக மரம் ஏறும் வழி, முட்டிக்குப் பதிலாக எது, கள்ளை எப்படிக் கெடாமல் வைப்பது என்பவற்றில் எது முதலில் என்று என்னைக் கேட்டால், ஏறுகிறவரின் முதுகுத்தண்டு முதலில் என்பேன்.

குடியின் கேட்டை நான் மறைக்க வரவில்லை. இந்தக் கட்டுரையைக் குடியால் நொந்த ஒரு வீட்டுப் பெண் வாசித்தால், ருசி பற்றிய என் வரிகள் அவரைச் சுடும். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே கொடுத்தார். அதே தமிழில், அதியமான் இறந்தபோது ஔவையார் அவன் கள்ளைப் பகிர்ந்த விதத்தைச் சொல்லியே அழுதார். அந்தப் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. இரண்டும் எங்களுடையவை, ஒன்றைக் காட்டி மற்றதை அடிக்க நான் விரும்பவில்லை. நான் கண்டது இவ்வளவே: எங்கள் வீடுகளை அழித்தது பெரும்பாலும் காலையில் குடித்த ஒரு பிளா உடன்கள்ளு அல்ல. கசிப்பும், கலப்படமும், கடை திறக்கக் காத்திருந்து வாங்குகிற சாராயப் போத்தலும்தான். தமிழ்நாட்டில் பனை மாநில மரம். அதன் கள்ளு 1987 தொடக்கம் தடை. அரசே நடத்துகிற மதுக்கடைகளில் ஆலைச் சரக்கு மட்டும் தடையில்லாமல் ஓடுகிறது. மரமேறியின் ஐந்து வீதத்தைத் தடுத்து ஆலையின் நாற்பது வீதத்தை விற்கிற அந்த வழியில் எவருடைய வீடு காப்பாற்றப்பட்டது என்று எனக்கு யாராவது காட்டினால் நான் கேட்கத் தயார். குறைவாக, நல்லதாக, உடனே குடிக்கிற பழக்கத்துக்கும் மறப்பதற்காகக் குடிக்கிற பழக்கத்துக்கும் உள்ள தூரத்தை ஒரு சமூகம் பேசிப்பழகியிருக்க வேண்டும். வெட்கப்பட்டு ஒளித்த பொருளைப் பற்றி அப்படிப் பேச முடியவில்லை.

வெளிநாட்டுத் தமிழ்க் கடைகளில் போத்தலில் அடைத்த பனங்கள்ளு கிடைக்கிறது. சூடாக்கி மதுவங்களைக் கொன்றுதான் அடைக்க முடியும். இல்லாவிட்டால் போத்தல் வெடிக்கும். அதில் ஊர் ஞாபகம் இருக்கிறது, துடிப்பு இல்லை. அதைக் குறைசொல்ல மாட்டேன். அந்த வருமானம் சங்கங்களுக்குத் தேவை, கடல் கடந்து இருப்பவருக்கு அந்த ஞாபகமும் தேவை. ஆனால் தென்மராட்சியின் நல்ல கள்ளைப் பற்றிய பேச்சு அந்தப் போத்தலிலிருந்து தொடங்கக் கூடாது. தவறணையிலிருந்து தொடங்க வேண்டும். என் யோசனை சிறியது. பொதுப் பாத்திரமும் பொது விலையும் இப்போது இருப்பதுபோல் இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில், விரும்புகிற தொழிலாளியின் தனிப்பனைக் கள்ளைத் தனி முட்டியில் வையுங்கள். இறக்கிய ஊரையும் நேரத்தையும் ஒரு பலகையில் எழுதுங்கள். விலையைக் கூட்டி, கூட்டியதில் பெரும்பங்கை அவருக்கும் மிச்சத்தை மரத்திலிருந்து விழுந்து படுத்திருப்பவர்களின் நிதிக்கும் கொடுங்கள். இந்தப் பங்கீட்டில் கூட்டுறவின் நீதியும் பிழைக்கும், முட்டி கழுவினவரின் கைக்கும் ஏதாவது சேரும் என்று நம்புகிறேன். பலகையில் சீவியவரின் பெயரும் வரவேண்டும் என்பதே என் ஆசை. அந்த ஆசையிலும் ஒரு சந்தேகம் இருக்கிறது. இந்த ஊரில் அப்படி ஒரு பலகையில் பெயர் வருவது சாதியை எழுதி மாட்டுவதாக அவருக்குப் படலாம். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற அவருடைய மகள் அதை விரும்பாமல் போகலாம். ஆகவே சங்கத்துக்காரர்களிடமும் தவறணைக்குப் போகிறவர்களிடமும் நான் கேட்பது இதுதான். பெயரை எழுத முன் அவரைக் கேளுங்கள். அவர் வேண்டாமென்று சொன்னால் பெயரை விட்டுவிடுங்கள், விலையைக் கூட்டிக் கொடுங்கள்.